வீட்டிலிருந்தே ஆசிரியப் பட்டம்: மல்லாவிப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி

வாசகி எழுதியது (சுருக்கித் தருகிறேன்):

"ஐயா, எனக்கு வயது 29. மல்லாவிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் நாலு வருடமாகத் தொண்டராசிரியையாக ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் இசட் புள்ளி காணாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கணவர் வயல் செய்கிறார், நாலு வயதில் ஒரு மகன். கனடாவில் இருக்கிற மச்சாள் பேஸ்புக்கில் பார்த்த விளம்பரம் ஒன்றை அனுப்பினா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கல்விமாணிப் பட்டம் (பி.எட்.), 12 மாதம், எல்லாமே ஒன்லைன், பரீட்சை இல்லை, உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் என்று போட்டிருக்கிறது. காசைத் தான் கட்டுகிறேன் என்கிறா. படித்தால் அரச பாடசாலையில் நிரந்தர நியமனம் கிடைக்குமா? இல்லையென்றால், வீட்டில் இருந்தபடி ஆசிரியப் பட்டம் எடுக்க வேறு வழி உண்டா? எங்கள் பக்கம் சிக்னலும் சரியில்லை. இன்னொரு பிரச்சினை, பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி இடப்பெயர்வில் துலைந்துவிட்டது. கையில் இருக்கிற போட்டோக் கொப்பியில் என் பெயர் அடையாள அட்டையில் இருப்பது போல் இல்லை, ஓர் எழுத்து வித்தியாசம்."

தங்கச்சி,

அந்த விளம்பரத்துக்குக் காசு கட்டவேண்டாம். மச்சாளுக்கும் இன்றைக்கே ஒரு வொய்ஸ் போட்டுவிடுங்கள். இப்படியான ஆட்கள் "இந்தக் கிழமைக்குள் கட்டினால் அரைவாசிக் கட்டணம்" என்று அவசரப்படுத்துவார்கள். பாசத்தில் அவ கட்டியும் விடுவா. பிறகு அந்தக் காசு திரும்பாது.

ஒன்லைனில் படிப்பது மட்டம் என்று சொல்ல வரவில்லை. தொலைக்கல்வியில் பட்டம் எடுத்து, நல்ல ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் இருக்கிறவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். நீங்களும் அந்த வழியில்தான் போகவேண்டி வரும் என்பது என் எண்ணம். ஆனால் எந்தப் பட்டம், எந்த ஒழுங்கில் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கவேண்டும். உங்கள் மச்சாள் பட்டத்தைத் தேடியிருக்கிறா. நாங்கள் மற்றப் பக்கத்தால் தொடங்குவோம். உங்களுக்கு நியமனம் தரப்போகிறவர் யார், அவர் கேட்கும் கடதாசி எது?

துணுக்காய்க் கல்வி வலயத்திலோ, முல்லைத்தீவு வலயத்திலோ, கிளிநொச்சியிலோ உள்ள மாகாணப் பாடசாலைகளுக்கு ஆட்களைச் சேர்ப்பது வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு. தேசிய பாடசாலைகளுக்கு மத்திய அரசு. இரண்டு இடத்திலும் நீங்கள் போய்ச் சேரவேண்டியது இலங்கை ஆசிரியர் சேவை. அதற்குள் புதிதாகப் போக வழக்கமாக இரண்டு வாசல்தான் இருக்கின்றன. ஒன்று தேசிய கல்வியியற் கல்லூரி. எங்களுக்குக் கிட்ட வவுனியாவில் ஒன்றும் கோப்பாயில் ஒன்றும் உண்டு. உயர்தரப் பெறுபேற்றை வைத்து எடுப்பார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயிற்சி செய்தால் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா. உங்கள் வயதுக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் அந்த வாசல் இனிச் சரிவராது. அதை நினைத்துக் கவலைப்பட்டு நேரத்தைப் போக்காதீர்கள்.

மற்றது பட்டதாரி வாசல். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று கையில் இருக்கவேண்டும், வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது போட்டிப் பரீட்சை எழுதவேண்டும், நேர்முகப் பரீட்சைக்குப் போகவேண்டும். இந்தக் கட்டத்தில் உங்களிடம் கேட்பது கலைமாணி (பி.ஏ.), விஞ்ஞானமாணி (பி.எஸ்சி.) போன்ற ஒரு பட்டம். கற்பித்தல் பட்டம் என்று தனியாக ஒன்று இல்லாமலே பெரும்பாலான பட்டதாரிகள் எங்கள் பாடசாலைகளுக்குள் வந்தார்கள். உள்ளே வந்த பிறகுதான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இலங்கை திறந்த பல்கலைக்கழகம், மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் எல்லாம் அதை நடத்துகின்றன. வேலை செய்துகொண்டே, பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் படிக்கலாம்.

அப்படியானால் கல்விமாணி? தேசிய கல்வி நிறுவகம் அந்தப் பட்டத்தைக் கொடுக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே சேவையில் இருக்கிற, பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு. டிப்ளோமாவோடு நியமனம் பெற்றவர்கள் பட்டதாரி ஆவதற்கான படி அது. தொண்டராசிரியையாக இருக்கும் உங்களுக்கு அந்தப் படி இப்போது எட்டாது. ஆகவே விளம்பரத்தில் உள்ள பல்கலைக்கழகம் நேர்மையானதாகவே இருந்தாலும், "கல்விமாணி எடுத்தால் உடனே ரீச்சர்" என்ற கணக்கு எங்கள் ஊரில் பொருந்தாது.

இனி, அது நேர்மையானதா என்று பார்ப்போம். விளம்பரத்தில் எனக்கு மிகவும் இடித்த இடம் "எல்லாமே ஒன்லைன்" என்பதுதான். ஆசிரியத் தொழிலுக்கான பட்டத்தில் கற்பித்தற் பயிற்சி என்ற ஒரு பகுதி இருக்கும். அதைத் திரையில் செய்யமுடியாது. இது எங்கள் நாட்டு வழக்கம் மாத்திரம் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் ஒன்லைன் படிப்புக்கே பேர்போனது. அங்கே ஆசிரியர் உரிமத்துக்குரிய பட்டம் படிக்கிறவர்களும் கடைசியில் தங்கள் ஊரில் உள்ள உண்மையான பாடசாலை ஒன்றில், உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் நின்று படிப்பித்துக் காட்டினால்தான் பட்டம். இந்தியாவில் ஆசிரியர் கல்விக்கான தேசிய சபையின் 2014ஆம் ஆண்டு விதிகளோடு பி.எட். இரண்டு வருடப் படிப்பு ஆனது. அதில் குறைந்தது 20 வாரம் பாடசாலைப் பயிற்சி. அதற்கு முன் அது ஒரு வருடமாக இருந்தது. அதற்குப் பிறகும் "ஒரு வருடத்தில் பி.எட்." என்று விளம்பரம் போட்டவர்கள் அந்தப் பழைய ஞாபகத்தை வைத்துத்தான் ஆட்களைப் பிடித்தார்கள். இன்னொன்று, அந்த இரண்டு வருடப் பி.எட். படிக்கவே முதலில் ஒரு பட்டம் வேண்டும். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைக்கல்வியில் பி.எட். நடத்துகிறதுதான். ஆனால் பட்டத்தோடு, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சியை நேரில் முடித்தவர்களையோ பயிற்சி பெற்று வேலையில் இருக்கும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களையோதான் எடுக்கும்.

மச்சாள் இருக்கிற இடத்தையே பார்ப்போம். அவ ஒன்ராறியோவில் இருந்தால், அங்கே 2015 செப்டெம்பரில் ஆசிரியர் கல்வியை நாலு பருவமாக்கி, அதில் குறைந்தது 80 நாள் வகுப்பறைப் பயிற்சி வைத்தார்கள். ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி என்கிற சபை பதிவு செய்தால்தான் அங்கே அரச பாடசாலையில் படிப்பிக்கலாம். பரீட்சையும் இல்லாமல், வகுப்பறையையும் காணாமல் 12 மாதத்தில் வந்த ஒரு கடதாசியை அந்தச் சபை ஏற்குமா என்று மச்சாளிடமே கேளுங்கள். அவவுக்கு ஒரு போன் கோலில் பதில் கிடைத்துவிடும். பிரித்தானியாவிலும் இப்படித்தான். அங்கிருந்து ஒன்லைனில் தருகிற சர்வதேச கல்விச் சான்றிதழ் படிப்புகள் பல நல்ல படிப்புகள்தான். ஆனாலும் அவற்றை முடித்தவருக்கு இங்கிலாந்தின் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை தானாக வந்துவிடாது.

கற்பித்தற் பயிற்சியை ஏன் எல்லோரும் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, நீங்கள் தினமும் வகுப்பில் நிற்கிறவர். என்றாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் வகுப்புகளின் பின்வாங்கில் இருந்து நான் அதிகம் கண்டது கடன் வாங்கிக் கழித்தல். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதும். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாது என்று இல்லை. பெரியதில் இருந்து சின்னதைக் கழிக்கவேண்டும் என்று தானாகவே ஒரு விதியைப் போட்டுக்கொண்டு, அதன்படி ஒழுங்காகச் செய்திருக்கிறது. இது ஏன் நடக்கிறது, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளையும் தனி ஈர்க்குகளையும் வைத்து எப்படித் திருத்துவது என்பதை ஒரு வீடியோப் பாடத்தில் அருமையாகப் படிக்கலாம். நேரில் கேட்பதைவிட நன்றாகவே படிக்கலாம், இரண்டு தரம் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் தரம் மூன்றும் தரம் நாலும் ஒரே அறையில் இருக்க, ஒரு பக்கம் தமிழ் வாசிப்புக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் பதினொரு கொப்பிகளுக்கு மேலால் குனிந்து பார்த்து, எந்தப் பிள்ளை அந்த 35ஐ எழுதுகிறது என்று கண்டுபிடிப்பது? அதற்கு ஆள் அங்கே நிற்கவேண்டும். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருந்து, "அந்த மூலையில் இருந்த பிள்ளையை நீர் பாடம் முழுக்க ஒரு தரமும் பார்க்கவில்லை" என்று பிறகு சொல்லவேண்டும். கற்பித்தற் பயிற்சி என்பது இதுதான். நாலு வருடம் தனியாக நின்று படிப்பித்த உங்களுக்கு இப்படி ஒருவர் இருந்து பார்த்துச் சொன்னது எத்தனை தரம் நடந்திருக்கும்? உங்களுக்கு இல்லாதது அதுதான். அதையே வெட்டிவிட்டுப் பட்டம் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுத்து என்ன பிரயோசனம்?

சரி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உண்மையானதா என்று பார்ப்பது எப்படி? இதைத் தெரிந்து வைத்திருங்கள், ஊரில் வேறு பிள்ளைகளும் கேட்பார்கள். எங்கள் நாட்டில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதா என்று சொல்லும் இடம். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைநூலிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். பெயரைப் போட்டுத் தேடலாம். தேடும்போது எழுத்துக்கு எழுத்து பாருங்கள். உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ வைப்பது இந்த வியாபாரத்தின் பழைய வித்தை. அங்கீகாரம் தருகிற சபை என்று ஒன்றையும் தாங்களே உண்டாக்கி, அதற்கும் ஒரு வெப்சைட் போட்டு வைத்திருப்பார்கள். 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை கராச்சியிலிருந்த அக்சாக்ட் என்ற கொம்பனியைப் பற்றி எழுதியது ஞாபகம் இருக்கலாம். இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் நூற்றுக்கணக்கான இணையத்தளங்கள், படங்களில் சிரிக்கும் பேராசிரியர்கள் எல்லாம் கூலி நடிகர்கள். உலகம் முழுக்க ஆட்கள் ஏமாந்தார்கள், படித்தவர்களும்தான். ஆகவே மச்சாள் ஏமாறப் பார்த்தது ஒன்றும் வெட்கம் இல்லை.

கொழும்பிலும் வவுனியாவிலும் நடக்கும் சில நிறுவனங்கள் வேறு மாதிரி. அவர்கள் தருகிற பிரித்தானிய "லெவல் 5" டிப்ளோமா உண்மையானதாக, அந்த நாட்டுத் தகைமைச் சபை மேற்பார்க்கிறதாகவே இருக்கலாம். ஆனாலும் டிப்ளோமா பட்டம் ஆகாது. "பட்டத்துக்குச் சமம்" என்று வாயால் சொன்னால், அதை மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டமுடியாவிட்டால் எழும்பி வாருங்கள்.

இனி உங்களுக்கான வழி. என் யோசனை, நீங்கள் தமிழ்மொழி மூலம் ஒரு கலைமாணிப் பட்டத்தைத் தொலைக்கல்வியில் தொடங்கவேண்டும். இரண்டு இடத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திறந்த மற்றும் தொலைக்கல்வி நிலையம் வெளிவாரிப் பட்டங்களை நடத்துகிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பத்திரிகையிலும் அவர்களின் இணையத்தளத்திலும் போடுவார்கள். மற்றது 1980இல் தொடங்கிய இலங்கை திறந்த பல்கலைக்கழகம். தலைமையிடம் நாவலவில், எங்களுக்கு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சமூக விஞ்ஞானத்தில் கலைமாணிப் பட்டத்தைத் தமிழில் படிக்கலாம். உயர்தரம் சித்தியடையாதவர்களுக்கும் அடிப்படைக் கற்கைநெறி வழியாக ஒரு பாதை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது. ஊரில் உயர்தரத்தை இடையில் விட்ட பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் நிலைமைக்குத் திறந்த பல்கலைக்கழகம் என்பேன். காரணம் படிப்பின் தரம் பற்றியதில்லை. வெளிவாரியில் பெரும்பாலும் நீங்களே நோட்ஸ் தேடி, நீங்களே படித்து, பரீட்சைக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு ரியூட்டரி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, கூடப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மல்லாவியில் இருக்கும் உங்களுக்கு அது இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் பாடநூல் தருவார்கள், இடைக்கிடை ஒப்படை (எழுதிக் கொடுக்கும் அசைன்மென்ட்) கேட்பார்கள், தொடர் மதிப்பீட்டில் தேறினால்தான் இறுதிப் பரீட்சைக்கு விடுவார்கள். எல்லோரும் இந்த ஒப்படையைத் திட்டுவார்கள். ஆனால் தனியாகப் படிக்கிற ஆளை இடையில் கைவிட விடாமல் இழுத்துக்கொண்டு போவது அதுதான். கட்டணத்தைத் தவணையாகக் கட்டவும், வருமானம் குறைந்தவர்கள் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. பதியும்போதே கேளுங்கள், வெட்கப்படவேண்டாம்.

பாடத் தெரிவில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். லேசான பாடம், புள்ளி வரும் பாடம் என்று எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பாடத்துக்குப் பாடசாலையில் வெற்றிடம் இல்லை என்று கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் பதாகை பிடிக்கவேண்டி வருகிறது. வேலையில்லாப் பட்டதாரிகளின் போராட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் நிற்கிறவர்களில் கலைப் பட்டதாரிகள்தான் அதிகம். வட மாகாணத்தில் முன்பு வந்த ஆசிரியர் ஆட்சேர்ப்பு அறிவித்தல்கள் இரண்டு மூன்றை எடுத்து, எந்தப் பாடத்துக்கு எந்த வலயத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்கலாம். பட்டதாரியாகப் போகும்போது பெரும்பாலும் இடைநிலை வகுப்புப் பாடத்துக்குத்தான் போடுவார்கள். ஆரம்பப் பிரிவுக்குக் கல்வியியற் கல்லூரியில் அதற்கென்றே படித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்கு விருப்பம் என்றால் இதை இப்போதே மனதில் எடுங்கள்.

ஆங்கிலம் உங்களுக்கு ஓரளவு வருமென்றால் அதைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கள். வன்னியில் ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையைத் தேடிப்பிடிப்பது கஷ்டமான காரியம் இல்லை. உயர் தொழினுட்பவியல் கல்வி நிறுவகத்தின் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர்களை ஆங்கில ஆசிரியர்களாகச் சேர்த்ததுண்டு. அது நேரில் போய்ப் படிக்கிற படிப்பு என்பதால் உங்களுக்குச் சரிவருமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

பட்டம் எடுத்தால் நியமனம் நிச்சயமா? நிச்சயம் என்று நான் சொன்னால் நானும் அந்த விளம்பரக்காரன் மாதிரித்தான். ஆட்சேர்ப்பு அரசாங்கத்தின் காசையும் கொள்கையையும் பொறுத்தது, சில காலம் ஒன்றும் வராது. அறிவித்தல்களில் வயதெல்லை போடுவார்கள், அது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 29 வயதில் தொடங்கி, பிள்ளையோடும் வயலோடும் நாலைந்து வருடத்தில் முடித்தால் நீங்கள் அந்த எல்லைக்குக் கிட்டத்தான் நிற்பீர்கள். அதனால்தான் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பது உங்களுக்குச் சரியான விடை இல்லை என்கிறேன். வருகிற பதிவுக்கே விண்ணப்பியுங்கள்.

இன்னொரு சின்னப் படியும் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ், முன்பிள்ளைப் பருவ மற்றும் ஆரம்பக் கல்வி டிப்ளோமா என்று படிப்புகள் நடத்துகிறது. அரச ஆசிரியர் நியமனம் இதனால் வராது. ஆனால் உங்கள் வேலைக்கு நேரே உதவும், முன்பள்ளியில் வேலை கிடைக்கவும் உதவும், முக்கியமாக, பத்து வருடமாகப் பரீட்சை எழுதாத கை மறுபடி எழுதப் பழகும். பட்டத்தைக் கண்டு பயமாக இருந்தால் இதில் தொடங்கலாம். பயம் இல்லையென்றால் நேரே பட்டத்துக்குப் போங்கள், வயதெல்லை காத்திருக்காது.

சிக்னல் பிரச்சினை. வன்னியில் இருந்து படிக்கிற எல்லோரும் முதலில் சொல்வது இது. நேரலை சூம் வகுப்பை மாத்திரம் நம்பி நடக்கும் படிப்பை நீங்கள் எடுக்கக்கூடாது. பதியமுன் கேளுங்கள்: வகுப்பின் பதிவு பிறகு கிடைக்குமா? பாடநூல் அச்சில் தருகிறீர்களா? ஒப்படையைத் தபாலிலோ நிலையத்தில் நேரிலோ கொடுக்கலாமா, அல்லது மூடில் என்கிற அவர்களின் இணையக் கற்றல் தளத்தில் மாத்திரமா? மூடில் என்றால் பயப்படவேண்டாம், பிடிஎப்பை இறக்கி வைத்துவிட்டால் பிறகு டேட்டா தேவையில்லை. கிழமையில் ஒரு நாள் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய், மாங்குளம் சந்திக்கோ கிளிநொச்சிக்கோ வேறு அலுவலாகப் போகும்போது, அந்தக் கிழமைக்குரிய எல்லாவற்றையும் இறக்குங்கள். விரிவுரைப் பதிவில் ஒலியை மட்டும் எடுத்துக் கேட்டால் டேட்டா மிச்சம். சமைக்கும்போதும் கேட்கலாம். ஒப்படையைக் கடைசி இரவு அனுப்ப நினைக்காதீர்கள். அன்றைக்குத்தான் மழை வந்து கரண்டும் போகும், ரவரும் போகும். மாரியில், அதுவும் கார்த்திகை மார்கழியில், இரண்டு நாள் முந்தி அனுப்புவதை வழக்கமாக்குங்கள்.

போனில் ஒப்படை ரைப் பண்ணலாம்தான், கழுத்து நோகும். மச்சாளுக்கு உதவ விருப்பம் என்றால் அந்தப் பட்டக் காசுக்குப் பதிலாக ஒரு பழைய லப்டொப் வாங்கித் தரச் சொல்லுங்கள். முதலாம் வருடக் கட்டணத்தையும் பொறுப்பெடுத்தால் இன்னும் நல்லது. காசை உங்களிடம் தந்து, நீங்கள் வங்கியில் பல்கலைக்கழகக் கணக்குக்குக் கட்டி, சிட்டையை எடுத்து வையுங்கள். இடைத்தரகர் எவரும் வேண்டாம்.

காலபோகம் தொடங்கும்போதும் அறுவடையின்போதும் படிப்பு தடைப்படும், அதை முதலே கணக்கில் எடுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்துக்கு எத்தனை பாடம் எடுப்பது என்பதை ஓரளவு நீங்களே கூட்டிக் குறைக்கலாம். முதல் வருடம் குறைவாக எடுங்கள். கணவரோடும் இப்போதே கதையுங்கள்: நேரடி வகுப்பு உள்ள நாட்களில் மகனை யார் பார்ப்பது, வவுனியாவுக்கு விடிய பஸ் எடுக்கவேண்டி வந்தால் சந்தி வரை யார் கொண்டுபோய் விடுவது. படிப்பை இடையில் விட்ட பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், பாடம் விளங்காமல் விட்டவர்கள் குறைவு, இந்தச் சின்ன விஷயங்களில் விட்டவர்கள்தான் கூட.

தொண்டர் வேலையை விடவேண்டாம், ஆனால் அதைக் கடதாசியில் கொண்டு வாருங்கள். முன்பு தொண்டராசிரியர்களுக்கு நியமனம் என்று வந்த நேரங்களில், உண்மையிலேயே வருடக்கணக்காகப் படிப்பித்தும் நிரூபிக்க முடியாமல் நின்றவர்கள் இருந்தார்கள். நீங்கள் தினமும் வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வைக்கிறீர்களா? வேலை தொடங்கிய திகதி பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் (லொக் புக்) இருக்கிறதா? வலயத்துக்கு அதிபர் அறிவித்த கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறதா? அதிபர் மாற்றலாகிப் போகமுன் மூன்றையும் பாருங்கள். இனி ஒரு தொண்டர் நியமனம் வருமென்று நான் சொல்லவில்லை, அதை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பிறகு கற்பித்தற் பயிற்சி உள்ள படிப்பு ஒன்றுக்குப் போகும்போது அந்த அதிபரின் கடிதமும் அந்த வகுப்பறையும் உங்களுக்கு உதவும்.

பிறப்புச் சான்றிதழ். இதை விண்ணப்பத்துக்கு முன் முடியுங்கள், ஏனென்றால் எல்லாவற்றிலும் அதிக நாள் எடுப்பது இதுதான். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உறுதிப்படுத்திய புதிய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். போட்டோக் கொப்பியில் இருக்கிற பதிவு இலக்கம் தெளிவாகத் தெரிந்தால் வேலை லேசு. பதிவேடே யுத்தத்தில் அழிந்துவிட்டது என்று சொன்னால், அதற்கும் நடைமுறை இருக்கிறது, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அப்போது பழைய போட்டோக் கொப்பி, பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, பெற்றோரின் சான்றிதழ்கள் கைகொடுக்கும். அந்தக் கொப்பியை மடித்து மடித்து வைத்திருக்காமல் இன்றைக்கே போனில் தெளிவாகப் படம் எடுத்து மச்சாளுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

பெயரில் உள்ள ஓர் எழுத்து வித்தியாசம் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று வந்தால் நேர்முகப் பரீட்சை மேசையில் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். முதலில் புதிய பிரதியை எடுத்து, மூலப் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில நேரம் பதிவில் சரியாக இருந்து, பழைய பிரதி எழுதியவர் விட்ட பிழையாக இருக்கும். அப்படியென்றால் புதிய பிரதியோடு பிரச்சினை தீர்ந்தது. பதிவிலேயே வித்தியாசம் என்றால் எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று பதிவாளரிடமே கேளுங்கள். உயர்தரப் பெறுபேற்றில் உள்ள பெயரையும் அப்போது கையோடு கொண்டுபோங்கள், மூன்றும் ஒன்றாக வரவேண்டும். பெறுபேற்றுச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒன்லைனிலேயே விண்ணப்பித்துப் பெறலாம். ஒன்லைனில் தயங்காமல் காசு கட்டலாம் என்று நான் சொல்கிறது இதற்கு ஒன்றுக்குத்தான்.